ஆர்ஜியா வெட்டிய இமைகள்

இத்தாலியின் பியெத்ராசாந்தாவில் எங்கள் பளிங்குப் பட்டறை மாதா சிலைக்கும் வீனஸ் சிலைக்கும் பேர்போனது. பழைய கிரேக்கச் சிலையின் சுருள்முடி வேண்டுமா, கல்லறைத் தேவதையின் இறகு வேண்டுமா, அச்சு அசலாகச் செய்து தருவார்கள். செய்பவர்கள் ஆண்கள். ஆர்ஜியாவாகிய நான் அவர்கள் செதுக்கிய முகங்களைப் பதினாறு வருஷமாகத் தேய்த்து மெருகேற்றுகிறவள். எனக்கும் உளி வேண்டும் என்று கேட்டால் சிரிப்பார்கள். வீட்டுக் கொல்லையில் கழிவுக் கல்லில் செதுக்கிப் பழகியிருந்தேன். அது எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சட்டை செய்யவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து பத்தாவது வசந்தத்தில் ஹென்னிங் என்ற டென்மார்க் சிற்பி ஒரு பிளாஸ்டர் மாதிரியைக் கொண்டுவந்து இறக்கினார். படுத்திருக்கும் பெண். கை கால் இருப்பதாக நாமே நம்பிக்கொள்ள வேண்டும். முகம் வழுவழுவென்று மொட்டை. அதைப் பளிங்கில் எடுக்க வேண்டுமாம்.

"கடைசில முட்டை செதுக்கற நிலைமைக்கு வந்துட்டோம்," என்றார் எங்களில் மூத்தவரான எஜிஸ்தோ, தூசுக்காகச் செய்தித்தாளில் மடித்துப் போட்டிருந்த தொப்பியைச் சரிசெய்தபடி. "இத ஆர்ஜியாகிட்ட குடு ரோமோலோ. கெடுக்கறதுக்கு இதுல என்ன இருக்கு?"

முதலாளி ரோமோலோவுக்கு ஆள் பற்றாக்குறை. கொடுத்துவிட்டார். கிண்டலில் வந்தால் என்ன, உளி என் கைக்கு வந்துவிட்டது.

ஐந்து மாதம் உழைத்தேன். சட்டத்தில் பொருத்திய அளவு ஊசியை மாதிரியில் வைத்து ஆழம் பார்த்து, கல்லிலும் அதே ஆழத்துக்கு இறங்குவது எங்கள் முறை. கடைசியாக அரத்தால் தேய்க்க மேலே மூன்று மில்லிமீட்டர் கல்லை மிச்சம் வைப்போம், அதற்குத் தோல் என்று பெயர். சொந்தப் புத்தியைக் காட்டக் கூடாது, ஊசி சொன்னபடி செய்ய வேண்டும். முகம் வரும்வரை அப்படித்தான் செய்தேன். அதன்மேல் குனிந்தபோது பதினாறு வருஷத்து மாதாக்களும் என் விரலில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். நிமிர்ந்து பார்த்தால், தாழ்ந்த இரண்டு இமைகள். நான்தான் வெட்டியிருந்தேன். தோலைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் ஆழம். அழகாக வேறு இருந்தன, பாழாய்ப்போனவை.

எஜிஸ்தோ பார்த்தார். அவர் சிரிக்காததுதான் என்னைப் பயமுறுத்தியது.

"பளிங்குத் தூளப் பிசின்ல குழைச்சு அடைச்சுடு. நாளைக்கு வர்ற டென்மார்க்காரருக்கு என்ன தெரியப்போகுது?"

"ரெண்டு கோடைல மஞ்சளாயிடும். தேய்க்கறவ எனக்குத் தெரியாதா?"

"சொன்னா உன் கைல உளி தங்காதுடி."

அது தெரிந்துதான் அன்றிரவு பட்டறையிலேயே தங்கி, வெட்டின ஆழத்தைத் திரும்பத் திரும்ப அளந்தேன்.

மறுநாள் ஹென்னிங் கோட்டைக் கழற்றுமுன்பே சொல்லிவிட்டேன். அவர் இமைகளைத் தடவினார்.

"ஏன் வெட்டினீங்க?"

"கண்ணில்லாம அவளுக்கு மூச்சு முட்டற மாதிரி இருந்துச்சு, புரொபசர்." சிற்பிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கிரேக்கர்கள் சிலைக்குக் கண்ணு வரைஞ்சாங்க. அந்த வண்ணம் காலத்துல அழிஞ்சுடுச்சு. பின்னாடி வந்தவங்க வெறும் வெள்ளைதான் அழகுன்னு அதையே செதுக்கினாங்க. நான் ஒருபடி மேல போய்க் கண்ணையே விட்டுட்டேன். ரெண்டாயிரம் வருஷத்துல போனத நீங்க ஒரே மத்தியானத்துல திருப்பி வச்சுட்டீங்களே!"

பட்டறை முழுக்கச் சிரித்தது. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

"நல்ல இமைங்க. ஆனா என் பொண்ணுக்கு வேணாம். எடுத்துடணும்."

"இமை போகணும்னா சுத்தியுள்ள கல்லையும் செதுக்கி இறக்கணும். தலைய மட்டும் இறக்கினா உடம்பு பெருசாத் தெரியும், முழுசும் இறக்கணும்," என்றார் ரோமோலோ அவசரமாக. "எஜிஸ்தோ பாத்துப்பார், புரொபசர்."

ஹென்னிங் என் பக்கம் திரும்பினார். "எவ்வளவு இறக்கணும்?"

"ரெண்டு மில்லி. மூணு தடவை அளந்துட்டேன்."

"அப்ப நீங்களே இறக்குங்க. இந்தக் கல்ல உங்க அளவுக்கு இங்க யாருக்குத் தெரியும்?"



முதலில் இமைகள். என் கையால் வெட்டியதை என் கையாலேயே எடுத்தேன். அழுகை வந்தது, ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது, கை நிற்கவில்லை. எஜிஸ்தோ தன் வேலையை விட்டுவிட்டு வந்து, கல்லைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"தோள்பட்டைல எவ்வளவு தோல் வச்சிருக்க?"

பதினாறு வருஷத்தில் வேலையைப் பற்றி அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"மூணு," என்றேன், நிமிராமல்.