சின்னம்மா கடக்கட்டும்

எங்கள் வனவிலங்குப் பூங்காவில் ஜீப் ஓட்டுநர்கள் வாக்கி-டாக்கியில் மிருகத்தின் பெயரைச் சொல்வதில்லை. சிறுத்தை என்று காதில் விழுந்தால் போதும், ஜீப்பில் இருப்பவர்கள் துள்ளி எழுந்து கூரைக் கம்பியில் தலையை இடித்துக்கொள்வார்கள். அதனால் யானை பெரியப்பா, கரடி தாய்மாமன், சிறுத்தை சின்னம்மா. பதினொரு வருடத்தில் நான் வாக்கியில் சொன்ன ஒரு சொல் பொய்த்ததில்லை. "அவ சொன்னா இருக்கும்" என்பார்கள். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் சொல்வார். அவரும் இங்கே ஓட்டுநர்தான்.

முந்தாநாள் சின்னம்மா தன் இரண்டு குட்டிகளையும் உப்பேரிப் பாதையோரம் ஒரு முட்புதருக்குள் கொண்டுவந்து வைத்ததைப் பார்த்தேன். வாக்கியில் மூச்சு விடவில்லை. போன வருடம் அதன் குட்டி ஒன்று ஜீப் சக்கரத்தில் நசுங்கிச் செத்தது. யார் ஜீப் என்று இன்றுவரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மனசுக்குள்ளேயே வைத்திருக்க முடியாமல், இன்று காலை டீ ஆற்றும்போது வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"என்கிட்டயா சொல்ற?" என்று சிரித்தார்.

ஒன்பது மணிக்கு வாக்கியில் அவர் குரல். "சின்னம்மா பிள்ளைங்க உப்பேரிப் பாதையில! சீக்கிரம் வாங்க!"

எனக்கு உச்சந்தலை வரை சுட்டது. வண்டியைத் திருப்பினேன். ஜீப்பில் ஒரே ஒரு பெண்மணி. ரயில்வே கேட்டில் வேலை பார்ப்பவர், சிக்னல் கம்பமே இல்லாத ஒரு சமவெளியைப் பார்க்கவேண்டும் என்று விடுப்பு போட்டு வந்திருந்தார். அதுவரை நாரைகளையும் வானத்தையும் பார்த்து மகிழ்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்துக் கூரைக் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

உப்பேரிப் பாதையில் பதினான்கு ஜீப்புகள். ஒருவனும் எஞ்சினை அணைக்கவில்லை. புதருக்குள் குட்டிகள் ஈனக்குரலில் கத்தின. பாதையின் மறுபக்கம், புல்லுக்குள் தாயின் காது நுனி எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் புதரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாய் ஓர் அடி எடுத்து வைத்தது. யாரோ ஆக்சிலேட்டரை மிதித்தான். மறுபடி பதுங்கிவிட்டது.

"கேட்டு சாத்தாம இத்தன வண்டிய விட்டா அது எப்படிங்க கடக்கும்?" என்றார் அந்த அம்மா.

முன்னால் நின்ற ஜீப் மெல்ல நகர்ந்தது. குட்டிகளை வெளியே கிளப்ப, முன்சக்கரத்தைப் புதர் மேலேயே ஏற்றிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர். என்னைப் பார்த்துக் கை வேறு அசைத்தார்! காலையில் நான் ஆற்றிக் கொடுத்த டீயைக் குடித்த மனிதர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். அந்த நிமிடம் அவரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டிருப்பேன்.

வாக்கியை எடுத்தேன்.

"சின்னம்மா பெரிய குளத்துல, கரை மரத்துல! வாயில மானு, தெளிவா தெரியுது!"

யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. சொன்னது நான். பதினான்கு ஜீப்பும் முண்டியடித்துத் திரும்பின. முதலில் பறந்தது அவர் ஜீப். நான் பாதை தெரிகிற தூரத்துக்குத் தள்ளிப் போய் எஞ்சினை அணைத்தேன்.

தூசி அடங்கியது. சின்னம்மா பாதையைக் கடந்தது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு போய், திரும்பி வந்து இன்னொன்றையும் எடுத்துப் போனது. கேட் அம்மா என் தோளை இறுகப் பிடித்திருந்தார். எனக்கு அழுகை வந்தது, கோபம் மட்டும் இறங்கவில்லை.

வாக்கி கரகரத்தது, வீட்டுக்காரர். "குளத்துல ஒண்ணையும் காணோமே! எங்க இருக்க நீ?"

"பொய் சொன்னேன்."

"என்னது? எல்லாரும் கேட்டுட்டிருக்காங்க. இனிமே உன் பேச்ச எவன் நம்புவான்?"

"நம்பவேணாம். எல்லாரும் கேக்கட்டும். போன வருஷம் அந்தக் குட்டி யாரு சக்கரத்துல செத்துச்சு? நீங்க சொல்லுங்க."

கேட் அம்மா வாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் குரல் வந்தது, தணிந்து, எங்கள் சமையலறையில் பேசுகிற குரலில்.

"வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."