டிசம்பரில் ஓடிய கூலர்

எங்கள் பார்ஸ்டோவில் டிசம்பர் மாதம் ஏர் கூலரை ஓடவிட்ட ஆள் நான் ஒருவன்தான். ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. சிரிக்கட்டும். இந்தப் பாலைவனத்தில் சிரிப்பதற்கு அவ்வளவாக விஷயம் கிடைப்பதில்லை.

என் பெயர் எவரிஸ்தோ. வெயில் காலத்தில் கூலர், ஏசி, குளிர் காலத்தில் ஹீட்டர் என்று எது கெட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஊரார் வீட்டையெல்லாம் குளிரவைக்கிறவனாயிற்றே என்று அந்த வருடம் என் மனைவி அம்பாரோ எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள். கார் ஷெட்டை வசந்தம் வரும்வரை குளிராக வைத்திருக்க வேண்டும்.

ஷெட்டில் ஒரு பெட்டிக்குள் கனேலா தூங்கிக்கொண்டிருந்தாள். கனேலா எங்கள் ஆமை. 'எங்கள்' என்பது ஒரு பேச்சுக்கு. அம்பாரோ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கனேலா அந்தக் குடும்பத்துக்கு வந்துவிட்டாள். நான் வந்தது வெகு காலம் கழித்து. சீனியாரிட்டி யாருக்கு என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

மற்ற வருடங்களில் அவள் பாட்டுக்கு முற்றத்து வளைக்குள் போய்ப் படுப்பாள், வெயில் திரும்பியதும் வெளியே வருவாள். அந்த வருடம் ஒரு புயல் மழை வளையைச் சேற்றால் நிரப்பிவிட்டது. அதனால் பெட்டி. பெட்டிக்குள் கிழித்துப் போட்ட செய்தித்தாள், அதற்குள் கனேலா. தூக்கத்துக்கு முன் இரண்டு வாரம் பட்டினி போட வேண்டும். வயிற்றில் தீனியோடு தூங்கினால் அது உள்ளேயே கெட்டு ஆளை முடித்துவிடும். அந்த இரண்டு வாரமும் நான் முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் என் எதிரே வந்து நின்று பார்ப்பாள். மனசு கேட்காமல் ஒரு வாய் குறைத்துக்கொண்டேன். ஒரே ஒரு வாய்தான்.

பெட்டிக்கு மேலே சுவரில் ஒரு தெர்மாமீட்டர். எனக்குப் புரிய வேண்டுமே என்று அம்பாரோ நகப்பூச்சால் அதில் நீலமும் சிவப்புமாகக் கோடு போட்டுவைத்தாள். நீலத்தில் முள் இருந்தால் நிம்மதி. சிவப்புக்குப் போனால் ஆபத்து.

மகளின் பிரசவத்துக்காக அவள் பீனிக்ஸ் கிளம்பிய அன்று, காரில் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "உன் வண்டிய வெளியிலயே நிறுத்து. துணி காயவைக்கிற மெஷினப் போடாத, ஷெட்டு சூடாயிடும். முக்கியமா, இந்த வருஷம் டமாலே ஷெட்டுக்குள்ள கிடையாது, முற்றத்துலதான்னு அக்காகிட்ட சொல்லிடு."

"நானா?"

"பின்ன கனேலாவா சொல்லும்?"

அக்கா என்பது டென்சா. அம்பாரோவின் மூத்தவள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மொத்தக் குடும்பமும் எங்கள் ஷெட்டில் கூடி, காய்ந்த சோளத்தோலில் மாவு தடவி, கறி வைத்துச் சுருட்டி, அண்டா அண்டாவாக டமாலே அவிப்பது அவள் தலைமையில்தான். இதுவரை அவளிடம் யாரும் 'இல்லை' என்று சொன்னது கிடையாது. அவள் புருஷன், என் சகலை சேமா, கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்கு 'ஆமாம்' என்றவன், அதற்குப் பிறகு வேறு வார்த்தையே கற்றுக்கொள்ளவில்லை.

டமாலே விஷயத்தைச் சொல்லத்தான் டென்சா வீட்டுக்குப் போனேன். சூப் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். மறுபடி போனேன். பன்றிக்கறி வைத்தாள். வாய் நிறையக் கறி இருக்கும்போது மனுஷன் எப்படிப் பேசுவது?

அம்பாரோ தினமும் போன் செய்வாள். முதலில் கனேலா, அடுத்தது பேரக்குழந்தை, நேரம் மிஞ்சினால் நான்.

"அக்காகிட்ட சொல்லிட்டியா?"

"அதெல்லாம் ஆச்சு."

இப்படிச் சொல்லிவிட்டால் பிறகு எப்படியும் சொல்லிவிடுவோம் என்று ஒரு நம்பிக்கை. என் மேல் எனக்கு இருக்கும் நம்பிக்கைகளில் எதுவும் இதுவரை பலித்ததில்லை.

கடைசியில் அந்த நாளும் வந்தது. டிசம்பரா மே மாதமா என்று கேட்கிற மாதிரி வெயில் அடித்தது. டென்சா மத்தியானத்துக்கு மேல்தான் வருவாள், வாசலிலேயே நிறுத்திச் சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்துத் தெருவில் ஒரு ஹீட்டர் வேலை வந்தது. போனால் உடனே திரும்பலாம் என்று போனேன். ஹீட்டரைத் திறந்தால் உள்ளே புறாக் கூடு. அதை எடுத்து முடிப்பதற்குள் மத்தியானம் தாண்டிவிட்டது.

திரும்பி வந்து பார்க்கிறேன், ஷெட்டின் பெரிய கதவு மூடியிருக்கிறது. இடுக்கிலிருந்து ஆவி வருகிறது. உள்ளே நான்கு அடுப்பு, நான்கு அண்டா, சிரிப்பு, ரேடியோ, சொந்தக்காரர் அத்தனை பேரும். சுவரில் முள் சிவப்பையும் தாண்டி நின்றது.

பெட்டியை அதன் மூலையில் காணோம். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அதன்மேல் டென்சாவின் கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தது.

"பாவம் மாப்ள, அந்த மூலையில ஐஸ் மாதிரி கெடந்துச்சு. நாந்தான் இங்க தூக்கி வச்சேன்" என்றாள் டென்சா, கரண்டியை ஆட்டிக்கொண்டே. "உனக்குப் பொறுப்பே கெடையாது."

சால்வையை எடுத்தேன். காகிதத்துக்குள் சரசரவென்று சத்தம். கழுத்து முழுசாக வெளியே நீண்டிருந்தது. ஒரு கண் திறந்து என்னைப் பார்த்தது. 'உன்னிடமா என்னை விட்டுவிட்டுப் போனாள்?' என்று கேட்கிற பார்வை.

நான் என்ன செய்தேன் என்று பிறகு சேமாதான் ஊருக்கெல்லாம் சொன்னான். எனக்கு நினைவிருப்பது கை மட்டும்தான். அது போய் முதல் அடுப்பை அணைத்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள்.

"மாப்ள, என்ன பண்ற?"

"இல்ல" என்றேன்.

"என்ன இல்ல?"

"இங்க சமைக்கக் கூடாது அக்கா. எல்லாத்தையும் வெளிய எடுங்க."

மாவு தடவிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. சேமா சிலுவை போட்டுக்கொண்டான். எனக்காகத்தான்.

"தூங்குற ஜீவனுக்குக் கதகதப்பா இருந்தா நல்லதுதான? என்ன உளர்ற?"

"அக்கா, இவ இப்ப எஞ்சின நிறுத்தி வச்ச லாரி மாதிரி. சூடு பட்டா எஞ்சின் ஸ்டார்ட் ஆயிடும். ஆனா டேங்க் காலி. பட்டினி போட்டுத்தான் படுக்க வச்சோம். உடம்புல இருக்குற கொஞ்ச நஞ்சத்தையும் எரிச்சிட்டு செத்துப் போயிடும். போர்த்திவிடாதீங்க, விசிறிவிடுங்க!"

டென்சா பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சால்வையைப் பார்த்தாள். அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. அவள் தங்கை அந்த ஆமையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிப் பாடம் படித்ததைப் பார்த்தவள் அவள்.

"இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

"ஆமா" என்றான் சேமா, பழக்கதோஷத்தில்.

ஆமைக் கழகத்து மூரியல் அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்கள் வட்டாரத்தில் ஆமைக்கு ஒன்று என்றால் அவரைத்தான் கேட்பார்கள். "வெளிய எடுக்காதீங்க, தண்ணி காட்டாதீங்க" என்றார். "இருக்குற எடத்த மெதுவாக் குளிர வையுங்க. பொழுது சாயறதுக்குள்ள கழுத்த உள்ள இழுத்துக்கிட்டா தப்பிச்சா. இல்லன்னா குளிர்காலம் பூரா விளக்குப் போட்டு, ஊட்டி வளக்கணும். அந்த வயசுக்குத் தாங்குமான்னு எனக்குத் தெரியல."

அதற்குள் டென்சா படைத்தளபதி ஆகிவிட்டாள். "அண்டாவத் தூக்கு! மெதுவாடா! பேசாதீங்க! மூச்சு விடாதீங்க!" நான்கு அண்டாவும் முற்றத்துக்குப் போயின. காற்று அடுப்பை அணைத்தது. சேமா தன் லாரியைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தினான். பெட்டி பழைய மூலைக்குப் போனது.

கதவைத் திறந்துவிட்டும் ஷெட் அடங்கவில்லை. வெளியே அடித்த காற்றிலேயே சூடு இருந்தது. அப்போதுதான் பின்னால் துணி போட்டு மூடியிருந்த கூலர் என் கண்ணில் பட்டது. யாரோ ரிப்பேருக்குக் கொடுத்து மறந்துபோனது. எங்கள் ஊர்க் காற்றில் ஈரமே கிடையாது. நனைந்த நாருக்குள் அதை இழுத்துவிட்டால் குளிர்ந்து வருவதைத் தவிர அதற்கு வேறு வழியில்லை. என் பிழைப்பே அதுதான், எனக்குத்தான் உறைக்கவில்லை.

வாசலில் வைத்து, தண்ணீர் ஊற்றி, சுவிட்சைப் போட்டேன். ஓடவில்லை. தட்டினேன். ஓடவில்லை. ஊரிலேயே நல்ல மெக்கானிக் நான்தான் என்று விளம்பரம் செய்துகொண்டவன், முழுக் குடும்பத்துக்கும் முன்னால் அதை உதைத்தேன். கடகடவென்று ஓடியது.

தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். முற்றத்தில் ஒரு கூட்டம் வெயிலில் வியர்த்துக்கொண்டு டமாலே அவிக்கிறது. ஷெட்டில் ஒருத்தன் கிறிஸ்துமஸுக்குக் கூலர் போட்டுவிட்டு, நனைந்த சட்டையோடு நடுங்கிக்கொண்டு சுவரையே வெறித்துக்கொண்டிருக்கிறான். டென்சா சால்வையைத் தான் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். யாராவது இருமினால் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். இருமல் நின்றுவிடும்.

முள் இறங்கியது. மயிரிழை மயிரிழையாக இறங்கியது. சிவப்பு முடிந்தது. நீலத்தைத் தொட்டது.

"உள்ள பாரு மாப்ள. எனக்குப் பயமா இருக்கு" என்றாள், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக.

பார்த்தேன். கண் மூடியிருந்தது. கழுத்து உள்ளே போயிருந்தது. முன்னங்கால் இரண்டும் கதவு சாத்திய மாதிரி முகத்தை மறைத்திருந்தன. டென்சா என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். முற்றத்தில் எல்லோரும் கை தட்டினார்கள். சத்தம் வராமல்.

அந்த நேரம் பார்த்து, கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிய அம்பாரோவின் கார் வந்து நின்றது. இறங்கியவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய் முள்ளைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், பிறகு கூலரை, பிறகு என்னை.

"அக்காகிட்ட எப்ப சொன்ன?"

"இன்னிக்கி."

"'இல்ல'ன்னு சொன்னான்டி" என்றாள் டென்சா. "என் மூஞ்சிக்கு நேரா!"

அம்பாரோ என்னைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். பொய் சொன்னதற்குத் திட்டவும் செய்தாள், ஒரு வாரம். ஆனால் அன்று அந்த ஈரச் சட்டையோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டு, காதுக்குள் கேட்டாள்: "நெஜமாவே எங்க அக்காகிட்டயா?"

இருந்தாலும் வசந்தம் வரும்வரை எனக்கு உயிர் ஊசலாடியது. அன்று எரித்த சத்து எவ்வளவோ, மிச்சம் எவ்வளவோ, யாருக்குத் தெரியும்?

மார்ச்சில் ஒரு காலை, பெட்டிக்குள் சரசரவென்று சத்தம். இந்தத் தடவை சரியான நேரத்தில். வெளியே மஞ்சள் பூ பூத்துக்கிடந்தது. வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் கனேலாவை இறக்கினோம். மொத்தக் குடும்பமும் சுற்றி நின்றது. நேரம் போனது. அசையவில்லை. அம்பாரோவின் விரல்கள் என் கையை நசுக்கின.

அப்போது கழுத்து நீண்டது. மூக்கைத் தண்ணீருக்குள் வைத்தாள். தொண்டை ஏறி இறங்கியது. குடித்தாள், குடித்தாள், அப்படிக் குடித்தாள்.

சேமா தொப்பியை வானத்தில் எறிந்தான். கடைசி நிமிடத்தில் கோல் போட்ட மாதிரி தெருவே அதிர்ந்தது. டென்சா அழுதுகொண்டே, கறி நிறுக்கிற தராசில் அவளை ஏற்றினாள். எடை குறைந்திருந்தது கொஞ்சம்தான். வழக்கமான தூக்கத்துக்குக் குறைகிற அளவுதான்.

"நாந்தான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள் டென்சா. நான் மறுக்கவில்லை. என்னிடம் இருந்த 'இல்லை' ஒன்றுதான். அதைச் செலவழித்தாயிற்று.

கனேலா தராசிலிருந்து இறங்கி, என் செருப்பின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, திரும்பிக்கூடப் பார்க்காமல் மஞ்சள் பூவை நோக்கி நடந்தாள். முதல் வாய் கடித்தாள். நான் எண்ணிப் பார்த்தேன். அவள் ஒரு வாய்கூடக் குறைத்துக்கொள்ளவில்லை.