பிறந்த வீட்டு அரிசி

என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கத்துக்கு வாய் சும்மா இருக்காது. தோட்டத்துக் கடையில் ஒரு மத்தி டின் வாங்கினால்கூடச் சண்டைதான். டின்னை ஓட்டை போட்டுத்தான் விற்க வேண்டும் என்று அவசரகாலச் சட்டம். முழு டின்னாகக் கொடுத்தால் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். கடைக்காரர் காதர் மைதீன் ஆணியைக் கையில் எடுத்ததும் இவர் ஆரம்பித்துவிடுவார்.

"பாய், காசு என்னோடது. சரக்கு உங்களோடது. நடுவுல இந்த ஆணி யாரோடது?"

"சர்க்காரோடது லா. கொண்டுபோய் சீக்கிரம் சாப்பிடுங்க, கெட்டுப்போயிரும்."

மலாய் நாட்டில் கெமாஸ் பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டபோதே அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஒரு கொல்லை வைத்திருந்தார். கத்தரி, வெண்டை எல்லாம் போட்டு ஞாயிற்றுக்கிழமை பாசாரில் விற்பார். அவர் காய்க்கு அவர் விலை சொல்லுவார், பிடித்தவர்கள் வாங்குவார்கள். கொல்லை கம்பிக்கு வெளியே போனது. பார்க்கப் பார்க்கப் புல் மண்டிவிட்டது.

பிறகு அரிசிக்கு வந்தார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ரேடியோவில் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. யார் வீட்டிலும் வேகாத அரிசி ஒரு பிடிகூட இருக்கக்கூடாது. எல்லோருடைய அரிசியும் கூட்டு அடுப்பில் வெந்து, சோறாகத்தான் வீட்டுக்கு வரும். சோறு ஒரே நாளில் ஊசிப்போகும், காட்டுக்குப் போகாது என்று அவர்கள் நினைப்பு. நியாயத்தைச் சொன்னால், காட்டுக்காரர்களும் எங்களைக் கெஞ்சி அரிசி வாங்கவில்லை. துப்பாக்கியைக் காட்டித்தான் வாங்கினார்கள். அவனும் எங்களைக் கேட்கவில்லை, இவனும் கேட்கவில்லை.

கூட்டு அடுப்புச் சோறு ஒரு நாள் களியாக இருக்கும், ஒரு நாள் வேகாமல் இருக்கும். அவர் தட்டைத் தள்ளிவிடுவார். ஒரு நாள் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி கணேசமூர்த்தியிடமே போய் நின்றார்.

"நான் ஒழைச்சு வாங்குற அரிசி. எப்ப ஒலை வைக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

"நாட்டைக் காப்பாத்தணும்னா சர்க்கார் கொஞ்சம் கை நீட்டத்தான் செய்யும், அமிர்தலிங்கம்."

"நீட்டட்டும் ஐயா. அடுப்பு வரைக்குமா?"

நான்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்காதீங்க என்று வழியெல்லாம் திட்டினேன். "வாய் ஒண்ணுதான்டி இன்னும் என்னோடதா இருக்கு," என்றார்.

அந்த மனுஷன் ஒரு நாள் காலையில் மரம் சீவப்போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தூக்கிவருவதற்குள் முடிந்துவிட்டது.

தம்பின் ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் தம்பி நல்லசாமிக்கு லாரிக்காரரிடம் சொல்லியனுப்பினோம். எங்கள் வழக்கத்தில் வாய்க்கரிசி பெண்ணின் பிறந்த வீட்டிலிருந்து வர வேண்டும். எனக்குப் பிறந்த வீடு என்றால் அவன் ஒருத்தன்தான். அவன் இருந்த தோட்டத்துக்குக் கூட்டு அடுப்பு இன்னும் வரவில்லை. அரிசி கொண்டுவராதே என்று சொல்லியனுப்ப எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அழுவோமா, அதை நினைப்போமா?

கோடித்துணி, மாலை, பித்தளைத் தாம்பாளத்தில் குவித்த அரிசி என்று வந்து இறங்கினான். வாய்க்கரிசியை யாராவது ஒளித்துக்கொண்டு வருவார்களா? தப்படிக்கிறவர் முன்னால் நடக்க, தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்தபடி நேராக முள்கம்பி கேட்டுக்கே வந்தான்.

அரிசி யாருக்கு என்று மலாய்க்கார சார்ஜெண்ட் கேட்டார். மாமாவுக்கு என்றான். மாமா எங்கே என்றார். செத்துட்டாரு என்றான். செத்தவனுக்கு எதற்கு அரிசி, என்னிடமே கேலியா என்று அவர் தாம்பாளத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

தலைவிரி கோலமாக ஓடினேன். கிராணியும் ஓடிவந்து மலாயில் விளக்கிச் சொன்னார். சார்ஜெண்ட் பொறுமையாகத்தான் கேட்டார், தொப்பியைக்கூடக் கழற்றினார். ஆனாலும் சட்டம் சட்டம்தானாம், ஸ்டேஷனுக்குச் சொல்லியாகிவிட்டதாம்.

"ஒரு பிடி, ஐயா. ஒரே ஒரு பிடி," என்றேன்.

கிராணி என் முகத்தைப் பார்க்கவில்லை. "வேணும்னா கூட்டு அடுப்புலேர்ந்து சோறு எடுத்துக்கலாமாம், ராக்கம்மா."

அரிசியைச் சாட்சிக்கென்று ஒரு பையில் கொட்டிக் கட்டினார்கள். தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். கிராணி மட்டும் அவன் காதில் ஏதோ சொன்னார். தப்படிக்கிறவர் என்ன செய்வதென்று தெரியாமல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார்.

ஊரடங்குக்கு முன்னால் அடக்கம் செய்துவிட்டுக் கம்பிக்குள் திரும்பியாக வேண்டும். ஒரு மங்குக் கிண்ணத்தில் சோறு வந்தது. அன்றைக்கென்று பார்த்துக் களியாகக் குழைந்திருந்தது. முதலில் நான் போட்டேன். உதட்டிலேயே ஒட்டிக்கொண்டது, விரலால் உள்ளே தள்ளினேன். உயிரோடு இருந்திருந்தால் துப்பியிருப்பார். தன்னுடையது என்று அவர் சொன்ன அந்த வாயையும் சர்க்கார் சோற்றால் நானே அடைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை.

மழைக்காலம் முடிந்துதான் தம்பியை விட்டார்கள். பாதி ஆளாக வந்து உட்கார்ந்தான். தாம்பாளத்தை மட்டும் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, மாமா வாய்க்கு என் அரிசி போச்சா? ஒரு பிடி எப்படியும் உள்ள வாங்கிக் குடுக்குறேன்னு கிராணி சொன்னாரு."

"போச்சுடா," என்றேன். "மொதல்ல உன் அரிசியத்தான் போட்டேன்."

அதற்குப் பிறகுதான் அவன் சாப்பிட உட்கார்ந்தான். கூட்டு அடுப்பிலிருந்து வந்த சோற்றைத்தான் போட்டேன்.