தொட்டி சிந்திய திசை

ஐரோப்பிய யுத்தம் முடிந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பேரணாம்பட்டில் ஒருநாள் காலை பத்து மணி வாக்கில் பூமி ஆடியது. ஏழெட்டு மூச்சு விடும் நேரம்தான். அதற்குள் நயீம் அகமதுவின் தோல் தொழிற்சாலையில், தோல் காயவைக்கும், கிழக்கு மேற்காக நீண்ட கட்டடத்தின் வடக்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்தது. தெற்குச் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு. இரண்டு ஆட்களுக்குக் காலில் அடி. உயிருக்கு ஒன்றுமில்லை.

பக்கத்தில் அதற்குக் குறுக்காக நின்ற புதுக் கொட்டகையில் ஒரு கீறல்கூட விழவில்லை. பெண்கள் தோலைத் தரம் பிரிக்கும் இடம் அது. பஞ்சாட்சரம் மேஸ்திரி கட்டியது.

செய்தி கேட்டு ஓடிவந்த மேஸ்திரியின் கையை முதலாளி நயீம் அகமது பிடித்துக்கொண்டார்.

"உன் வேலை நின்னுச்சு பாரு! பழசைக் கட்டினவன் சுண்ணாம்புல மண்ணை ஜாஸ்தி கலந்துட்டான். தோலெல்லாம் உன் கொட்டகைக்கு மாத்தச் சொல்லிட்டேன். பொம்பளைங்களும் உள்ள போய் வேலையப் பாக்கட்டும்."

இத்தனை பேர் முன்னால் பஞ்சாட்சரத்தை யாரும் புகழ்ந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தோடு விழுந்த சுவரைச் சுற்றி வந்தார். கலவையில் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. கல்லால் அடித்தபின்தான் உடைந்தது. அவர் கலக்கும் கலவைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

பிறகு தோலைப் பதப்படுத்த ஆவாரம்பட்டைச் சாறு நிரப்பிய தொட்டிகளைப் பார்த்தார். ஒவ்வொரு தொட்டிக்கும் வடக்கிலும் தெற்கிலும் தரை நனைந்து சிவந்திருந்தது. கிழக்கும் மேற்கும் காய்ந்த மண். சாறு சிந்திய திசையையும் தன் கொட்டகைச் சுவர்கள் ஓடும் திசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொட்டகை வாசலில் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் செண்பகம் கேட்டாள்: "நீ கட்டினது தானே மேஸ்திரி? நாங்க உள்ள போலாமா?"

'போங்க' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அவர் அதை விழுங்கிக்கொண்டார்.

"வேணாம்மா." முதலாளி பக்கம் திரும்பினார். "என் கைவேலையால இது நிக்கல சாயபு. பலகையக் குத்துக்கா நிறுத்தி முகத்துல தள்ளுனா விழும். நீளவாக்குல தள்ளுனா நிக்கும். ஆட்டம் வடக்கு தெற்கா வந்திருக்கு. பழைய சுவரை முகத்துல தள்ளுச்சு. என் சுவரு வடக்கு தெற்கா ஓடுது, தப்பிச்சுது."

"அப்ப இனிமேயும் நிக்குமில்ல?"

"அடுத்தது கிழக்க மேற்க வந்தா?"

"வருமா?"

"தெரியாது சாயபு. எனக்கு நெஜமா தெரியாது."

நயீம் அகமதுவுக்குக் கோபம் வந்தது. உன் கட்டடத்தை நீயே நம்பவில்லையா என்று கத்தினார். செண்பகம் காத்திருக்கவில்லை. முறத்தையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய்விட்டாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். தோல் சுமந்த ஆண்களும் கட்டுகளை இறக்கிவிட்டு நின்றுவிட்டார்கள்.

வெயில் சாயும்போது மறுபடி ஆடியது. முதல் ஆட்டத்தைவிடச் சின்னதுதான். இம்முறை கிழக்கு மேற்காக. புதுக் கொட்டகையின் மேற்குச் சுவர் ஒருமுறை உப்பி, அப்படியே வெளியே விழுந்தது. கூரை ஒருபக்கமாகத் தொங்கியது. உள்ளே யாரும் இல்லை.

தன் சுவர் விழுந்து கிடப்பதைப் பஞ்சாட்சரம் நின்று பார்த்தார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மரத்தடியில் பெண்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணிக்கொண்டிருந்த சத்தம் கேட்டபோது கண் கலங்கியது.

 மறுநாள் நயீம் அகமது ஆள் அனுப்பி, இரண்டு கட்டடத்தையும் மேஸ்திரியையே கட்டச் சொன்னார்.

இம்முறை மேஸ்திரி நீளச் சுவரைத் தனியாக ஓடவிடவில்லை. பத்தடிக்கு ஒரு குறுக்குச் சுவர் எழுப்பி, மேலே சுற்றிலும் மரச்சட்டம் ஓட்டிப் பிணைத்தார். தரம் பிரிக்கும் இடம் நாலு அறையானது.

"இன்னா மேஸ்திரி, மொகம் பாத்துப் பேச முடியாம பண்ணிட்டியே," என்றாள் செண்பகம்.

ஓட்டை போட்டால் சுவரின் பலம் குறையுமே என்று அவருக்கு மனமில்லை. இரண்டு நாள் யோசித்தார். பிறகு உட்கார்ந்தவர்களின் முகம் தெரியும் அளவுக்கு, குறுக்குச் சுவருக்கு ஒரு சின்ன ஜன்னல் வைத்துக் கொடுத்தார்.