நாலு மா வயலில் இருநூற்றுப் பன்னிரண்டு கொக்குகள்

மலர்க்கொடியின் ஆராய்ச்சியை உலகத்தில் எவராவது மேற்கோள் காட்டினால், நீடாமங்கலத்துக்குத் தெற்கே அவள் அப்பா வைரக்கண்ணுவின் வயலில் ஒரு கொக்கு வந்து இறங்கும். இறங்கினது திரும்பிப் போகாது. முதல் கொக்கு இரண்டாயிரத்துப் பத்தொன்பது தை மாதம் வந்தது. அன்று பிரேசிலிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஜப்பான்காரர்கள் எழுதினால் வரும் கொக்கு அடக்கமாக ஒதுங்கி நிற்கும். மலர்க்கொடி அமெரிக்காவில் எலிக்காய்ச்சலை ஆராய்கிறவள். சேற்றில் நிற்கிறவர்களுக்குப் பித்தவெடிப்பு வழியாக ஏறுகிற அந்தக் காய்ச்சலை ஒரு சொட்டு ரத்தத்தில் இரண்டாம் நாளே கண்டுபிடிக்கும் வழி அவளுடையது. அவள் அம்மா அம்சவல்லி நாற்பது வருஷம் நடவு நட்டவள். அந்தக் காய்ச்சலில் ஒரு முறை பிழைத்து எழுந்தவளும்கூட. அவள் தினம் காலையில் வரப்பில் நின்று எண்ணுவாள். போன ஆடியில் கணக்கு இருநூற்றுப் பன்னிரண்டு. மகளின் கணினியும் அதையேதான் சொன்னது. கூட வேலை செய்கிறவர்கள் எழுதியதற்கு வந்த கொக்குகள் வரப்பில் நிற்கும், முன்பின் தெரியாதவர்களுடையது தண்ணீரில் நிற்கும்.

அறிவியல் வேலையை வைத்தே கொடுக்கும் குடியேற்ற விசாவுக்கு மலர்க்கொடி மனுப் போட்டிருந்தாள். அது கிடைக்காவிட்டால் ஆய்வுக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வரவேண்டும். உங்கள் வேலையை வெளியாட்கள் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், ஆடிப்பெருக்குக்குள் காட்டுங்கள் என்று விசா அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அவளை அறியாதவர்களிடம் நற்சான்று வாங்கு என்றார் வக்கீல். வைரக்கண்ணுவுக்கு இது செரிக்கவில்லை.

"நம்மளத் தெரியாதவன் நம்மளப் பத்தி என்னத்தச் சொல்லுவான்? பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட ஒண்ணு எழுதி வாங்கி அனுப்புறேன்."

"அவரு சொன்னா எடுபடாதுப்பா. அவரு உங்க மச்சான்."

"மச்சான்னா உண்மை பேச மாட்டானா?"

தவறு நடந்தது குறுவை நடவு முடிந்த மூன்றாம் நாள். கொக்குகள் நாற்றை மிதித்துச் சாய்ப்பதைப் பார்த்த வைரக்கண்ணு, இந்தப் பக்கத்து விவசாயி எவரும் செய்வதைத்தான் செய்தார். தகரத்தைத் தட்டி, இரண்டு சரம் வெடி கொளுத்திப் போட்டார். மொத்தமும் எழும்பி மன்னார்குடிப் பக்கம் போயிற்று. சாய்ந்த நாற்றை நிமிர்த்தி முடிப்பதற்குள் போன் வந்தது.

"அப்பா, ஒண்ணையும் காணோம்ப்பா. பூஜ்யம்னு காட்டுது."

"காலையில கொக்க வெரட்டுனேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல."

ஆடிப்பெருக்குக்கு எட்டு நாள் இருந்தது. அம்சவல்லி திட்டியதிலேயே மூன்று நாள் போனது. பொடிமீன் வாங்கி இறைத்துப் பார்த்தார்கள். காக்கா வந்தது. நான்காம் நாள் அவளே சொன்னாள்: "உழுதா வரும்." டிராக்டர் சேறடித்தால் கொக்கு பின்னாலேயே வரும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் வயலில் பயிர் நின்றது. கூலிக்கு நட்ட அதே வயலை, மூன்று மா ஒரு ஏக்கர் என்ற கணக்கில், மா மாவாக வாங்கிச் சேர்த்தவர்கள் அவர்கள். வைரக்கண்ணு வரப்பில் ஒரு நாழிகை நின்றார்.

"அண்ணாதுரை, வண்டிய எறக்கு."

அக்கா மகன் அண்ணாதுரை சாவியைப் போடவில்லை. "மாமா, பயிரு பச்சை புடிச்சிருச்சு. திரும்ப நடறதுக்கு நாத்தும் இல்ல."

"தெரியும். எறக்கு."

முதல் சுற்றில் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் சுற்றில் ஒன்று வந்து சேற்றைக் கொத்திப் பார்த்தது. மத்தியானத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டும் வந்துவிட்டன. அப்புறமும் வந்துகொண்டே இருந்தன. இத்தனை நாள் படித்துப் பயன்படுத்திவிட்டுப் பேர் போடாமல் இருந்தவர்களும் போட்டுவிட்டார்கள் என்று மலர்க்கொடி போனில் சொன்னாள். பொழுது சாயும்போது நானூற்று முப்பத்தொன்று. வரப்பில் ஒன்பதுதான், மிச்சமெல்லாம் தண்ணீரில்.

ஆவணியில் விசா வந்தது. வைரக்கண்ணு மச்சானுக்கும் மிட்டாய் கொடுத்தார். அதற்கடுத்த வாரம் கிராம நிர்வாக அலுவலர் ஜெயபாரதி, எந்த வயலில் என்ன பயிர் என்று அடங்கலில் எழுத வந்தார்.

"இதுல என்னம்மா போட்டிருக்கீங்க?"

"கொக்குதாங்க," என்றாள் அம்சவல்லி. "இந்த வருஷம் நல்லா வந்திருக்கு."

அலுவலர் நெற்றிக்கு மேல் கையை வைத்து வயலை ஒரு தடவை பார்த்தார்.

"போர் தண்ணியா, ஆத்துத் தண்ணியா?"

"ஆத்துத் தண்ணிங்க."

குறுவை, கொக்கு, நாலு மா, ஆற்றுப் பாசனம் என்று எழுதிக்கொண்டு அவர் அடுத்த வயலுக்குப் போனார்.