பரணில் இருவர், பைனாகுலர் ஒன்று

1

இந்தக் கதை மழையால் வந்தது. சனோக் ஊர்க் கடைத்தெருவில் குடையில்லாமல் மாட்டிக்கொண்டு, செவெரினின் வேட்டைச் சாமான் கடைக்குள் ஒதுங்கினேன். உள்ளே எனக்குத் தெரிந்த வேட்டைக்காரன் போகுமிலும் அவன் மனைவி லூடோமிராவும் பைனாகுலருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒட்டுக்கேட்டேன். எழுத்தாளன் செய்தால் அதற்குப் பெயர் வேறு.

2

'பொன்னிறக் காடுகளின் நடுவே ஒற்றை ஆண்மானின் கர்ஜனை விண்ணை—'

(வேண்டாம். காலண்டர் படம் மாதிரி இருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன். இங்கே போலந்தில் கொம்புமானைச் சுடுமுன் அதன் வயதைக் கணிக்க வேண்டும். கிழடைச் சுடலாம். வளர்கிற மானைச் சுட்டால், வேட்டைச் சங்கத்தார் கொம்பைப் பார்த்துவிட்டு, சுட்டவன் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி வைப்பார்கள். போன வருடம் போகுமிலுக்கு ஒன்று விழுந்தது. இன்னொன்று விழுந்தால் மான் வேட்டைக்கே தடை. அவனுக்கு வாழ்க்கையில் வேறு சந்தோஷம் கிடையாது. [லூடோமிரா இதைப் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டாள்.]

3

"பன்னெண்டு மடங்கு பெருசாக் காட்டுறதக் குடு," என்றான் போகுமில்.

"அது கையில நிக்காதுண்ணே, ஆடும். அந்தியில மங்கலாத் தெரியும். எட்டு மடங்கு, அகலக் கண்ணாடி. அதான் ஒங்களுக்குச் சரி," என்றார் செவெரின்.

"எட்டு மடங்கு எம் மாமியார் நாடகம் பாக்கத்தான் ஆவும்."

"எங்கம்மாவ ஏன் இழுக்கற?" என்றாள் லூடோமிரா.

அவன் பன்னிரண்டு மடங்கை எடுத்து, எதிர்ச் சாப்பாட்டுக்கடை ஜன்னலுக்குள் பார்த்தான்.

"ஆகா! செவுத்துல மாட்டியிருக்கான் பாரு ஒரு தலை! கொம்புல பத்துக் கிளை. கெழட்டு மான். கண்ண மூடிக்கிட்டுச் சுடலாம்."

லூடோமிரா எட்டு மடங்கை வாங்கிப் பார்த்தாள்.

"கோட்டு மாட்டுற ஸ்டாண்டு."

(நான் இட்டுக்கட்டியதென்று நினைப்பீர்கள். இப்படி ஒரு பாத்திரத்தை நானாக உருவாக்கியிருந்தால் கோடு போட்டு அடித்திருப்பேன். ஆனால் ஆள் இருக்கிறானே!)

எட்டு மடங்கையே வாங்கினார்கள். அவளும் காட்டில் மானுக்குக் காத்திருக்கும் பரணுக்கு வருவதாக முடிவாயிற்று. அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

4

மழை விட்டதும் கிளம்பிவிட்டேன். அதனால் இனிமேல் வருவது என் கைச்சரக்கு. அந்தி நேரம். பரண்மேல் இருவர். கீழே புல்வெளியில் மான்.

முதல் முடிவு: கிழட்டு மான். சுட்டான். எல்லோரும் வோட்கா குடித்தார்கள். (எனக்கே கொட்டாவி வருகிறது.)

இரண்டாவது: சுட்டான். இளசு. துப்பாக்கியைத் துடைத்து அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவளிடம்—

இல்லை. எனக்கு மனசு வரவில்லை.

மூன்றாவது: அவன் வெகுநேரம் பார்க்கிறான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறான்.

"தெரியல லூடோ," என்கிறான். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வராத சொல். பைனாகுலரை அவளிடம் நீட்டுகிறான்.

அவள் மானைப் பார்க்கிறாள். பிறகு மெதுவாகக் கணவன் பக்கம் திரும்பி, அவனை மேலும் கீழும் பார்க்கிறாள்.

"கழுத்து தொங்கிருச்சு. முதுகு குழிஞ்சிருச்சு. தொப்ப எறங்கிருச்சு. இதச் சுட்டா எந்தச் சங்கமும் கேக்காது."

அவன் சிரிப்பை அடக்கப் பார்க்கிறான். பரண் குலுங்குகிறது. மான் தலை தூக்குகிறது, ஆனால் நகரவில்லை.

"மானச் சொல்லுடி!"

அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டேனென்கிறாள், என்னிடம்கூட. பைனாகுலரை உங்களிடம் கொடுக்கச் சொல்கிறாள். வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் சொல்வதை நம்பித்தான் அவன் சுடப்போகிறான்.