எலிசபெத்தின் கை

ஞானராஜ் எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். குடத்தைச் சாய்த்து முகம் கழுவினான். கருப்பட்டிக் காப்பி பொங்கி அடுப்பில் வழிந்தது, துடைத்தான். ஒரு தம்ளரில் ஊற்றிக் குடித்தான். கழுவிக் கவிழ்த்தான். சட்டையை மாட்டிக்கொண்டு பஞ்சுக் கிட்டங்கி வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது.

வண்டியில் அவன் மனைவி எலிசபெத்தின் கல்லறைக்கான கல் இருந்தது. பக்கத்தில் அதைக் கொத்துகிற இருளப்பசாமி. மாமனார் செல்வதுரை முதலில் இறங்கினார். பின்னாலேயே முக்காட்டை இழுத்துவிட்டபடி மாமியார் சூசையம்மாள்.

"பேரு, தேதி கொத்தியாச்சு மாப்ள. கீழ ஒரு வரி பாக்கி. நீங்க சரின்னா இப்பமே கரியில எழுதிருவான்."

"என்ன வரி?"

சூசையம்மாள் மருமகனிடம் நேரே பேசுவதில்லை. கதவைப் பார்த்துச் சொன்னாள்: "‘மோட்சத்தைச் சுட்டிக்காட்டிக் கண் மூடினாள்’னு போடணும்னு சொல்லுங்க."

ஞானராஜுக்கு எரிச்சல் மண்டிக்கொண்டு வந்தது. "அவ மோட்சத்தக் காட்டல மாமா."

"நாங்க அம்புட்டுப் பேரும் பாத்தோமே. கைய மேல தூக்குனாளா, இல்லியா?"

தூக்கினாள். அதுதான் சங்கடம்.

போன ஐப்பசியில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாள். ஆனால் சொற்கள் இடம் மாறிப் போயின. தண்ணீர் வேண்டுமென்றால் "சாவி" என்பாள். கை தம்ளரைச் சாய்ப்பதுபோல் சாயும். விளக்கைப் பார்த்துக் "கோழி" என்பாள். விரல்கள் திரியைத் தூண்டும்.

செல்வதுரை அருப்புக்கோட்டையில் பஞ்சுத் தரகர். துண்டுக்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். அந்த நேரத்தில் அவர் வாய் மழையைப் பற்றியோ யார் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். "வாயில என்ன வந்தாலும் விட்ருங்க மாப்ள. வெல விரல்லதான் இருக்கு. கையப் பாருங்க," என்றார். அன்றிலிருந்து அவள் வாயைத் திறந்தால் வீட்டில் எல்லோர் கண்ணும் கைக்குப் போயிற்று.

பி.ஏ. படித்த ஞானராஜின் கண்ணும்தான். ஒருநாள் "உப்பு" என்றாள். கை எதையோ கிளறியது. அகப்பையை எடுத்துக் கொடுத்தான். அவள் அதை வீசி எறிந்தாள். கஞ்சியில் உப்பில்லை. சொல் சரியாகத்தான் வந்திருந்தது. யார் காதிலும் ஏறவில்லை.

மதுரை டாக்டர் சொன்னார்: "பேச்சுக்கும் கைக்கும் மண்டைக்குள்ள தனித்தனி வீடு கிடையாது. அவங்க பாதியை வாயால சொல்றாங்க, மீதியைக் கையால சொல்றாங்க. கேக்கிறவங்க மூளையும் ரெண்டையும் ஒண்ணாக் கூட்டித்தான் புரிஞ்சுக்கும். நீங்க ஒரு பாதியை அடைச்சு வச்சிருக்கீங்க."

மாமனார் சிரித்தார். "டாக்டரு ஒருநா பஞ்சுப்பேட்டைக்கு வந்து பாக்கட்டும்."

தை பிறந்தபோது பல சொற்கள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. எவை வந்தன என்று கவனிக்க ஆளில்லை. அவள் தொடங்குவதற்குள் கையைப் பார்த்து ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஆத்திரத்தில் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு பேசிப் பார்த்தாள். கை அடங்கியதும் வாயும் திக்கியது. அழுதாள். மாசியில் மறுபடி காய்ச்சல் கண்டது.

"கையத் தூக்கும்போது அவ பேசுனா மாமா. ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"என்னமோ ஒளறுனா, பாவம்."

"ஒளறல."

"பெத்தவளுக்குத் தெரியாதா பிள்ளை கை?" என்றாள் சூசையம்மாள் கதவிடம். "படிச்சவுகளுக்கு மோட்சம் இருக்கிறதே தெரியாது போலன்னு சொல்லுங்க."

"அவுக காதுலதான் விழுதே, நான் வேற என்னத்தச் சொல்ல?" என்றார் செல்வதுரை.

இருளப்பசாமி கரித்துண்டை விரலில் உருட்டினான். "வெயிலு ஏறுது சாமி. எழுதவா, வேணாமா?"

"எழுதாத," என்றான் ஞானராஜ்.

அவள் இறந்த அன்று உச்சிப்பொழுது. அவள் கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் கண்ணாடி ஓடு. அதன் வழியே இறங்கிய வெயில் அவள் முகத்தின்மேல் விழுந்தது. அவள் கையை உயர்த்தி மேலே காட்டினாள். "எம் மகளுக்கு மோட்சம் தெரியுது!" என்று சூசையம்மாள் அலறினாள். செபமாலையோடு எல்லோரும் முழங்காலிட்டார்கள். ஞானராஜும் கையைத்தான் பார்த்தான். அவனும் முழங்காலிட்டான். அவள் வாய் சொன்னது காதில் விழுந்து கையோடு கூடிப் பொருளாவதற்குள் பாதிச் செபம் போய்விட்டது. அவன் எழுந்து முக்காலியை இழுத்தான். ஏறுவதற்குள் அவள் அடங்கிவிட்டாள். திறந்த கண்களில் வெயில் இருந்தது.

"பேரும் தேதியும் போதும்," என்றான் இப்போது. "வேற ஒண்ணும் வேணாம்."

"அப்ப அவ என்னதான் சொன்னா மாப்ள?" செல்வதுரையின் குரல் இறங்கியிருந்தது. சூசையம்மாள் முதல்முறையாகக் கதவை விட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஞானராஜ் அவளைப் பார்த்தே சொன்னான்.

"மேல கண்ணாடி... மூடுங்க. கண்ணு கூசுது."